உறவினர் எண்

வயிற்றைச் சுத்தம் செய்கிற மருந்து இரண்டு பாக்கெட். ஒவ்வொன்றையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் காலை ஒன்பது மணிக்கே சமையலறை மேஜையில் உட்கார்ந்து குழாய்க்காரர் முதல் டம்ளரைக் குடித்தார். உப்பும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று நினைத்து முடிப்பதற்குள் வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. அதன் பிறகு நாள் முழுக்க மேஜைக்கும் கழிவறைக்கும் நடையாய் நடந்தார். முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர் வீட்டுக் கழிவறைகளில் குப்புறப் படுத்துக் கிடந்த மனுஷன், சொந்தக் கழிவறையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஃப்ளஷ் டேங்க் சன்னமாக ஒழுகிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ. இன்னொரு ஆள் வீட்டில் இருந்திருந்தால் இதற்குள் சொல்லிச் சொல்லி உயிரை எடுத்திருப்பார்கள். மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை.

மலம் போகும்போது ரத்தம் வந்ததை மூலம் என்று தானே முடிவு கட்டி ஐந்து மாதம் களிம்பு தடவியவர் அவர். ஒரு வீட்டில் சிங்க்குக்கு அடியில் தலை சுற்றி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெருங்குடலில் கேன்சர் என்றார்கள். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரம்மாவுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. ஒரு தாளில் குடலை வரைந்து, நடுவில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்.

"கீஹோல் ஆபரேஷன்தான். வயித்துல நாலு சின்ன ஓட்டை. கேமராவை உள்ள விட்டு, கெட்டுப்போன பகுதிய வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேத்துடுவோம்."

"எத்தனை இன்ச் வெட்டுவீங்க?"

"எட்டு, பத்து இன்ச் வரும்."

"சேத்ததுக்கப்புறம் டெஸ்ட் பண்ணுவீங்களா?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "பண்ணுவோமே. தண்ணிய விட்டு, காத்தடிச்சுப் பாப்போம். குமிழி வரலைன்னா ஜாயின்ட் நல்லா இருக்கு. ஆனா முதல் ஒரு வாரம் ஜாக்கிரதையா பாக்கணும். அது ஒழுகிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

கேன்சர் என்ற சொல்லுக்குக்கூடக் கலங்காதவர் அந்த ஒழுகல் என்ற சொல்லுக்கு ஆடிப்போனார். ஒழுகல் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

படிவத்தில் 'உறவினர் எண்' என்று ஒரு கட்டம் இருந்தது. வரவேற்பறைப் பெண் அதை விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். அவர் உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினார். எண்ணுக்கான இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு தன் போனிலேயே கிடக்கும் இரண்டாவது சிம்மின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார்.

தம்பி இல்லாமல் இல்லை. அதே ஊரில், பேருந்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இருக்கிறான். இருபது வருடம் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். அண்ணன் அளந்தால் தம்பி வெட்டுவான், ஒருவர் பிடித்தால் மற்றவர் ஒட்டுவார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புது வீட்டில் சுவருக்குள் ஒரு இணைப்பு விட்டுப்போய், தரையெல்லாம் ஊறி, வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இவர் எல்லோர் முன்னாலும் தம்பியைப் பார்த்து, "உன்கிட்ட ஒரு வேலைய நம்பிக் குடுக்க முடியுதாடா?" என்று கத்தினார். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனவன்தான்.

டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது இவருக்குத் தெரிந்துவிட்டது. அது இவர் ஒட்டிய இணைப்பு. அன்றைக்கு அவசரம், இருபத்து நாலு மணி நேரம் காயவிடாமல் சாயங்காலமே தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஒரு நாள் முழுக்கக் காயாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. வீட்டுக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாலும் சரி, ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவார்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. விழித்தபோது வயிற்றில் நாலு இடத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்திரி, தொப்புளுக்குக் கீழே கொஞ்சம் பெரியதாக ஒன்று. வலி வயிற்றைவிடத் தோளில் அதிகமாக இருந்தது. உள்ளே அடைத்த காற்று அப்படித்தான் செய்யும் என்றார்கள். வார்டுக்கு மாற்றிய பிறகு கட்டிலடிப் பெட்டியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். இரண்டாவது சிம்முக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அதைக் கேட்க ஒரு ஜீவன் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே அடித்து ஓய்ந்திருக்கிறது. போனைத் திரும்ப உள்ளே வைத்துப் பெட்டியை மூடினார்.

மறுநாள் காலையிலேயே பெரிய சிஸ்டர் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றார். வார்டே நடுங்கும் குரல் அவருக்கு.

"கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. எழுந்து நடங்க. காத்து பிரிஞ்சாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம், உடனே சொல்லணும், கூச்சப்படக் கூடாது."

குழாய்க்காரர் தலையாட்டினார். நேற்று மத்தியானம் போட்ட இணைப்பு, இன்றைக்குக் காலையில் தண்ணீரா? படித்தவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், ஈரம் பட்டால் எந்த இணைப்பும் நிற்காது. அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி நடந்தார். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு வாஷ்பேசின் இருந்தது. யாரும் பார்க்காதபோது அதில் ஊற்றிவிட்டுக் காலி டம்ளரோடு திரும்பினார். சூப்புக்கும் அதே கதிதான். ஒரு நாள் கழிந்தது. நம் வேலையில் ஒரு நாள் என்றால் உடம்புக்கு இரண்டு நாளாவது வேண்டாமா என்று இன்னொரு நாளையும் அவரே கூட்டிக்கொண்டார். நாக்கு அட்டையாய்க் காய்ந்தது.

எதிர்க் கட்டிலில் அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அவருக்குக் காற்று பிரிந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மகன் வெளியே ஓடிப்போய் யார் யாருக்கோ போன் போட்டான், மாமியார் சிஸ்டருக்கு மிட்டாய் கொடுத்தாள். பரீட்சையில் முதலாவதாக வந்தவர் மாதிரி வாத்தியார் நாணிக் கோணிப் படுத்திருந்தார். குழாய்க்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பெரிய சிஸ்டர் குறிப்புத் தாளோடு வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா மூணு லிட்டர் குடிச்சதா எழுதியிருக்கு. யூரின் ரெண்டு டம்ளர்கூட வரல. மிச்சம் எங்க போச்சு?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீட்டர் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நடுவில் எங்கோ ஒழுகுகிறது. அவரும் அப்படித்தான் கண்டுபிடிப்பார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"வாஷ்பேசின்ல ஊத்திட்டேம்மா. ஜாயின்ட் காயட்டும்னு."

பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு சிரித்துவிட்டார். "ஐயோ கடவுளே! இது என்ன பிளாஸ்டிக் பைப்பாய்யா? உள்ள ரத்தம் ஓடினாத்தான் சதை சேரும். தண்ணி இல்லாம ரத்தம் எங்கிருந்து ஓடும்? காய வச்சே அதைக் கெடுத்திருப்பீங்களே." அதற்குள் குரல் மாறியது. "கூட ஒரு ஆள் இருந்திருந்தா முதல் நாளே உங்களைக் கண்டிச்சிருப்பாங்க. தம்பி தம்பின்னு எழுதியிருக்கீங்க, எங்க அவரு? இருங்க, நானே பேசறேன்."

வேண்டாம் என்று அவர் கையை நீட்டுவதற்குள் சிஸ்டர் தாளைப் பார்த்து எண்ணை அழுத்திவிட்டார். கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள்ளிருந்து போன் அடித்தது. சிஸ்டர் காதில் போனை வைத்தபடியே குனிந்து பெட்டியைப் பார்த்தார். எதிர்க் கட்டில் குடும்பம் மொத்தமும் பார்த்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் மேஜையில் மூன்று பேருக்கு முன்னால் துணியில்லாமல் படுத்தபோதுகூட அவர் இவ்வளவு கூசவில்லை. சிஸ்டர் அழைப்பை நிறுத்தினார். டம்ளரை நிரப்பி, அவர் குடித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்தார்.

டிரிப்ஸும் ஏற்றினார்கள். அடுத்த நாள் காலை பத்து மணி வாக்கில், தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தபோது, அவருக்குக் காற்று பிரிந்தது. சின்னதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கடைசிக் குழாய்வரை வந்துவிட்டது, எங்கேயும் விடவில்லை. சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டியது. திரும்பிப் பார்த்தார். தாழ்வாரம் காலியாக இருந்தது. இந்த உலகத்தில் இந்தச் செய்தி யாருக்கு வேண்டும் என்று நினைத்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சிஸ்டரிடம் சொல்லும் முன், கட்டிலடிப் பெட்டியிலிருந்து போனை எடுத்துவந்து, ஆறு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த எண்ணைக் கூப்பிட்டார். ஐந்தாவது முறை மணி அடித்ததும் தம்பி எடுத்தான்.

"யாரு?"

அவனிடம் அவர் எண் இல்லை. அது சுருக்கென்று தைத்தது. "நான்தான்டா."

அவனுக்குப் பின்னால் எங்கோ பக்கெட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வேலையில் இருக்கிறான்.

"எனக்குக் குடல்ல ஆபரேஷன் ஆச்சு. கேன்சராம். பத்து இன்ச் வெட்டி ஜாயின்ட் போட்டிருக்காங்க. இப்பதான் காத்து பிரிஞ்சுது."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாயை மூடியிருக்கிறான்.

"ஒண்ணு சொல்லணும்டா. அன்னைக்கு அந்தப் புது வீட்ல... அது நான் போட்ட ஜாயின்ட்."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீ சொல்வேன்னு பாத்தேண்ணா." தம்பியின் குரல் உடைந்தது. "ரொம்ப நாள் பாத்தேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றார். அந்தப் பக்கம் போனை எங்கோ தரையில் வைத்தது கேட்டது. அழைப்பைத் துண்டித்துவிட்டானோ என்று பார்த்தார், இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம். பெரிய ஸ்பேனர். அடுத்தது சின்னது. ரம்பம். கட்டிங் பிளேயர். ஒவ்வொன்றும் அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. வேலை முடிந்து எடுத்து வைக்கிறானா, பாதியில் விட்டுவிட்டு இங்கே வர எடுத்து வைக்கிறானா என்பதுதான் தெரியவில்லை. கடைசியில் பையின் ஜிப்பை ஒரே இழுப்பில் இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.