கடைசி வரிசைக்குப் போன அக்கா

தேடல் பக்கத்தில் எங்கள் மொழிப் பதில்கள் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட திங்கட்கிழமை, அந்தப் பதில்களை எழுதிய நர்ஸ் அக்கா தன் வீட்டுச் சமையலறைத் தரைக்குள் கணுக்கால் வரை இறங்கினாள். தரையில் கீறல்கூட விழவில்லை. கால்தான் வெளியே வரவில்லை. அந்தத் தேடல் பக்கம், பல மொழிகளில் கேள்வி கேட்டுப் பதில் தேடும் தளம். குழந்தைக்குக் காய்ச்சல், தீக்காயம், நாய்க்கடி என்று எங்கள் மொழியில் இருந்த அத்தனையையும் டூட்டி முடித்து வந்து ஒற்றை ஆளாக எழுதியவள் அவள். அவற்றைத் திரையில் எந்த வரிசையில் காட்டுவது என்று வடிவமைத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. கீழே தள்ளச் சொன்னவர் அவனுடைய மேலாளர். அவருக்கும் தாய்மொழி எங்கள் மொழிதான், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

அவர் சொன்ன காரணத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. "யாரும் அழுத்தறதில்லைப்பா, கீழ போடு" என்றார். கீழே போட்டதால் அழுத்துகிறவர்கள் இன்னும் குறைந்தார்கள். குறைந்தார்கள் என்று இன்னும் கீழே போட்டார்கள். எங்கள் மொழியில் கேட்டவனுக்கும் வேறு மொழிப் பதில்தான் முதலில் வந்தது. அடப்பாவிகளா, கண்ணுக்கே தெரியாததை எவன் அழுத்துவான்? தம்பி அலுவலகத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் இதைக் கேட்டான். ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும் அக்கா ஒரு சாண் இறங்கினாள். முழங்கால் போயிற்று, இடுப்பு போயிற்று. கை எட்ட வேண்டுமே என்று அவள் கணவர் அடுப்பைத் தரையில் இறக்கி வைத்தார். பதில்களை 'பிற மொழிகள்' என்ற சின்னப் பட்டனுக்குள் ஒளித்த வருஷம், தரை அவள் கழுத்துக்கு வந்தது. "டேய், என் மூஞ்சியும் உள்ள போனப்புறம்தான் உனக்கு ரோஷம் வருமா?" என்று அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலை தம்பி யாரையும் கேட்காமல் பக்கத்தை மாற்றினான். கேட்டவன் எந்த மொழியில் கேட்டானோ, அந்த மொழிப் பதில்தான் இனி முதல் வரிசை. "யாரைக் கேட்டுச் செஞ்சே? மத்தியானத்துக்குள்ள பழையபடி மாத்து, இல்லேன்னா நடையைக் கட்டு" என்று மேலாளர் குதித்தார். மத்தியானத்துக்குள் எங்கள் ஆட்கள் அழுத்தித் தீர்த்துவிட்டார்கள். அழுத்தினால்தான் மேலே என்பது அவர் போட்ட சட்டம். அதனால் அவராலேயே அந்த வரிசையைக் கீழே இறக்க முடியவில்லை. சமையலறையில் அக்கா தோள், இடுப்பு, கால் என்று மேலே வந்தாள். வந்தவள் தரையோடு நிற்கவில்லை.

அடுத்த வாரம், தம்பியும் இருந்த நேரத்தில், மேலாளர் பூங்கொத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார். "நான் அப்பவே சொன்னேனே, நம்ம பாஷை மேல வரும்னு" என்றார், கொஞ்சமும் கூசாமல். மின்விசிறிக்குக் கொஞ்சம் கீழே மிதந்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, "காதுல விழல. நிமிர்ந்து சொல்லுங்க" என்றாள். அவர் அண்ணாந்து சொன்னார். அவள் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். கடைசியில் கழுத்து பிடித்துக்கொள்ள, "அம்மா!" என்று உட்கார்ந்து போனை எடுத்துத் தேடினார். வலியில் விரல் எங்கள் மொழியில்தான் தட்டியது. முதல் வரிசையில் அக்காவின் பதில் வந்தது. அவர் அழுத்தினார். அவள் இன்னும் ஒரு விரற்கடை மேலே போனாள். தம்பி எழுந்து விசிறியை நிறுத்தினான்.