துடுப்புக்காலியின் வயிற்றில் நீலம்

ரோஜாவின் கைக்குப் போன படத்தில் ஒரு பரு மிஞ்சாது. சிவகாசிக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்க வருகிற ஏஜென்ட்டுகள் இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தலைகால் புரியாமல் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை கன்னத்துத் தழும்பு, லட்சுமியின் மூக்கில் விழுந்த கறை, பட்டுச்சேலையில் ஒட்டிய தூசி எல்லாம் அவளிடம் வந்தால் போன இடம் தெரியாது. விஸ்வநத்தத்தில் அவள் அம்மா கருப்பம்மாள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து படிந்த கையோடு வீடு திரும்புகிறவள். மகள் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அழுக்கெடுக்கிறாள் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. மகளுக்கும் கொஞ்சம் திமிர்தான். வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அந்தத் திமிர்தான் வினையாகப் போனது.

ரோஜா வேலை பார்க்கிற பிரஸ்ஸின் முதலாளி ராஜபாண்டியனுக்குத் தூரத்து உறவு பிரீத்திகா. விருதுநகரில் வத்தல் கமிஷன் கடைக் குடும்பத்துப் பெண். வீட்டில் எல்லோரும் மிளகாய் விலையைப் பற்றிப் பேசும்போது இவள் மட்டும் கடலில் மிதக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத உயிர்களைப் பற்றிப் பேசுவாள். தூத்துக்குடியில் அதுதான் அவளுக்கு ஆராய்ச்சி. மீனவர் ஊர்களில் ஒட்ட ஒரு போஸ்டர் வேண்டுமென்று படம் அனுப்பினாள்.

படத்தில் இருந்தது ஒரு துடுப்புக்காலி. ரவையை விடச் சின்ன உயிரை நுண்ணோக்கியில் வைத்துப் பெரிதாக்கி எடுத்த படம். கண்ணாடி போன்ற உடம்பு, இரண்டு நீண்ட மீசை, நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண். வயிற்றுக்குள் நீல நீலமாகச் சில பொட்டுகள். கீழே இரண்டே வரி: ‘நெத்திலியும் சாளையும் தின்பது இதைத்தான். இது எதைத் தின்கிறது? நீங்களே பாருங்கள்.’ படமே பேசிவிடும் என்று நம்பி, பிளாஸ்டிக் என்ற சொல்லையே பிரீத்திகா போடாமல் விட்டிருந்தாள்.

ரோஜா பார்த்தாள். நீலப் பொட்டுகளைத் தூசி என்று நினைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கல்யாண ஆல்பத்தில் ஃபிளாஷ் பட்டுச் சிவந்த கண்ணைக் கருப்பாக்குவது போலவே அந்தச் சிவப்புக் கண்ணையும் கருப்பாக்கினாள். பூச்சி பளிச்சென்று ஆகிவிட்டது. புரூஃப் வாட்ஸ்அப்பில் போனபோது பிரீத்திகா படகில் இருந்தாள். வெயிலில் கையகலத் திரையைப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டு, ‘ஓகே’ என்று அனுப்பிவிட்டாள்.

போஸ்டர் சுவருக்குப் போன பிறகுதான் பிரீத்திகாவிடமிருந்து போன் வந்தது.

“ரோஜா, அந்த நீலத்த ஏன் எடுத்தீங்க?”

“தூசி மேடம்.”

“தூசியில்லங்க, அது தின்னது. கயிறு, கேரி பேக் எல்லாம் வெயில்ல நொறுங்கிப் பொடியாக் கடல்ல மிதக்குது. இது பாசியோட சேத்து அதையும் தின்னுருது. வயிறு நெறஞ்சிரும், ஆனா சத்து இருக்காது. முட்டை சிறுத்துப் போகும், நெறைய முட்டை பொரிக்காது. இது கொறஞ்சா மீன்குஞ்சுக்கு எரை எங்க இருந்து வரும்? இப்ப இருக்க போஸ்டரப் பாத்தா, கடல் சுத்தமா இருக்குன்னு நானே சொல்ற மாதிரி இருக்கு.”

ரோஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ராஜபாண்டியன் முணுமுணுத்துக்கொண்டே தீபாவளி லேபிள் ஓடிய மெஷினை நிறுத்தி, பிரீத்திகா அனுப்பிய படத்தை அப்படியே வைத்து மறுபடி அடித்துக் கொடுத்தார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. முதல் போஸ்டரைக் கிழிக்குமுன் இரண்டாவதும் சுவரேறிவிட்டது. ஊரார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் பொட்டு இல்லை, ஒன்றில் இருக்கிறது. பிரீத்திகா கம்ப்யூட்டரில் பொட்டு வைத்து ஊர் மீனின் பேரைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. இப்படி ஒரு படம் பரவினால் நெத்திலி வாங்க யார் வருவார்கள்? இனி எந்தப் படகும் பிரீத்திகாவை ஏற்றாது என்கிற நிலை. படகு இல்லாவிட்டால் மாதிரி எடுக்க முடியாது. அவளுடைய இத்தனை வருட வேலையும் பாதியில் நின்றுபோகும்.

மீனவர் சங்கத் தலைவர் செந்தூர்பாண்டி நியாயமான மனிதர். அடித்த இடத்திலேயே கேட்டுவிடலாம் என்று பிரீத்திகாவையும் கூட்டிக்கொண்டு சிவகாசிக்கு வேனில் கிளம்பிவிட்டார். சேதி வந்ததும் ராஜபாண்டியன் ரோஜாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நாம எதையும் தொடல, ரெண்டு தடவையும் வந்தபடி அடிச்சோம்னு சொல்லீரு. அங்கன படத்த மாத்திருவாகன்னு காலண்டர் பார்ட்டிக பேச ஆரம்பிச்சா சீசன் என்னத்துக்காகும்?”

“அப்ப மேடம் பொய் சொன்ன மாதிரி ஆகுமே அண்ணாச்சி.”

“அது நம்ம வீட்டுப் பிள்ள, சமாளிச்சுக்கிரும். அந்தச் சேர்ல ஒக்காரணும்னு எம்புட்டுப் பேரு நிக்காகன்னு ஒனக்கே தெரியும்.”

தெரியும். அந்த நாற்காலி போனால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைக்க வேண்டியதுதான்.

வந்தவர்களுக்குக் காப்பி வந்தது. செந்தூர்பாண்டி தொடவில்லை. இரண்டு போஸ்டரையும் மேசைமேல் விரித்தார்.

“அண்ணாச்சி, ரெண்டுலயும் கீழ ஒங்க பிரஸ் பேருதான் இருக்கு. எது நெசம்?”

“வந்தபடிதான் அடிச்சோம். படம் பாக்கது எங்க ரோஜாதான், கேட்டுக்கோங்க.”

எல்லோரும் ரோஜாவைப் பார்த்தார்கள். பிரீத்திகா கெஞ்சவில்லை. பையிலிருந்து சின்ன நுண்ணோக்கியை எடுத்து மேசையில் வைத்தாள். அன்று காலை கரையோரத்திலேயே அரித்தெடுத்த கடல் தண்ணீரில், துடுப்புக்காலி இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்த ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டாள்.

“மொதல்ல இதப் பாருங்க ரோஜா. பெறகு என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”

ரோஜா குனிந்தாள். படத்தில் பார்த்த அதே உடம்பு, ஆனால் இது உயிரோடு இருந்தது. மீசையை விரித்துக்கொண்டு சும்மா நின்றது. சிவப்புக் கண் சிவப்பாகவே இருந்தது. வயிற்றில் நீலமாக இரண்டு பொட்டு.

அவளைக் கேட்காமலே கை போயிற்று. துப்பட்டா நுனியால், கண் வைத்துப் பார்க்கிற மேல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பொட்டு இருந்தது. வாயால் ஊதி இன்னொரு முறை துடைத்தாள்.

“என்னத்தம்மா தொடைக்க?” என்றார் செந்தூர்பாண்டி.

“தூசி…” என்று சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் துடுப்புக்காலி வெட்டென்று ஒரு துள்ளுத் துள்ளி மறுமூலைக்குப் போனது. நீலமும் வயிற்றுக்குள்ளேயே கூடப் போனது.

அவளுக்கு முதலாளி நினைவில்லை, நாற்காலி நினைவில்லை. இத்தனை சின்ன வயிற்றிலா என்று அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

“நாந்தான் அழிச்சேன். அன்னைக்கும் இப்படித்தான், தூசின்னு நெனச்சு எடுத்துட்டேன். கண்ணையும் கருப்பாக்குனேன். மேடம் அனுப்புன படத்துல எல்லாம் இருந்துச்சு. நீங்களே பாருங்க தலைவரே, இந்தா இருக்கு.”

ராஜபாண்டியன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செந்தூர்பாண்டி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“இதத்தான் நெத்திலி திங்குதா?”

“ஆமாண்ணே” என்றாள் பிரீத்திகா.

அவர் நிமிர்ந்து, பொட்டில்லாத போஸ்டரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கோபப்படுவார் என்று ரோஜா நினைத்தாள். கோபப்படவில்லை.

“இது நெசமா இருக்கணுமேன்னுதான் தாயி, இம்புட்டுத் தூரம் வந்தேன்.”