வெளிநாடு போன வியர்வை

எங்கள் ஊர்க் கையுறை ஆலையில் வேலை செய்தவர்களின் வியர்வை அவர்களுடைய சட்டையை நனைத்ததில்லை. அது கடலுக்கு அப்பால் ஒரு தீவில் மழையாகப் பெய்தது. திற்பரப்பு தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கட்டிய ஆலை அது. நெற்றியில் அரும்பும் வியர்வை கன்னத்துக்கு இறங்குவதற்குள் காணாமல் போகும். முதலில் எல்லோரும் பயந்தார்கள். பிறகு வேலைக்கு முகம் துடைக்கும் துவர்த்து கொண்டுபோவதை நிறுத்திக்கொண்டார்கள். கப்பலில் சமையல் செய்யும் சிஜின்தான் விஷயத்தைக் கண்டு சொன்னான். அந்தத் தீவில் இறங்கி நடந்தபோது மழை பிடித்துக்கொள்ள, ஒரு கட்டடத்தின் வாசலில் ஒதுங்கியிருக்கிறான். சுவர் முழுக்கக் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள். எங்கள் ஆலையுடையதும் அதில் இருந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. "மழைத்தண்ணி உப்புக் கரிக்குது மக்கா, ரப்பர் பால் வாடையும் அடிக்குது" என்று போனில் சொன்னான். ஆலையில் கையுறை அச்சுகளைக் காயவைக்கும் அடுப்பருகே நின்ற என் தம்பி ஷாஜன் இதைக் கேட்டுச் சிரித்தான். "எனக்க வேர்வைக்கு விசா கிட்டியாச்சு, எனக்குத்தான் கிட்டல."

லாபமும் அந்தத் தீவுக்குத்தான் போனது. கையுறையில் குத்தும் பெயர் தீவுக்குச் சொந்தம், அந்தப் பெயரை உபயோகிப்பதற்கு ஆலை தீவுக்குப் பணம் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் இங்கே நஷ்டம் மட்டுமே மிஞ்சும், நஷ்டத்துக்கு வரி கிடையாது. இப்படிப்பட்ட கம்பெனிகளிடம் வரி வாங்க வேண்டியது பெயர் இருக்கிற நாடா, வேலை நடக்கிற நாடா என்று உலக நாடுகள் கூடிக்கூடிப் பேசுவதாக டி.வி.யில் சொன்னார்கள். ஆலை லாரிகள் எங்கள் ரோட்டை உழுதுபோட்டிருந்தன. வரியை இங்கேயே வாங்கி ரோடு போடச் சொல்லி மனு எழுத, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் கூடினோம். கம்பெனி ஆள் ஒருவர் அங்கேயே வந்தார், மரியாதையாகப் பேசினார். உங்கள் ஆட்கள் கல்ஃபில் சம்பாதித்துக் காணிக்கையை இந்தச் சபையில்தானே போடுகிறார்கள், பேர் எங்கே இருக்கிறதோ அங்கேதானே கொடுப்பீர்கள், நாங்களும் அதைத்தான் செய்கிறோம் என்றார். சபைச் செயலாளர் யேசுரத்தினம் பாதி ஆயுளை சவுதியில் கழித்தவர். சபைக் கோயிலின் கோபுரமே அந்தப் பணத்தில் எழுந்தது. அவர் பேனாவை மூடினார். அவர் மூடியதும் எல்லோரும் மூடினோம்.

அடுத்த சித்திரையில் வெயில் கடுமையாக இருந்தது. உடம்பில் தங்காத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. அடுப்பருகே ஷாஜன் சரிந்து விழுந்தான். குழித்துறை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். ஜீப் பள்ளம் பள்ளமாக ஏறி இறங்கி ஊர்ந்தது. என் மடியில் இருந்த அவன் நெற்றி ஒரு பொட்டு ஈரமில்லாமல் கொதித்தது. மெயின் ரோடு வருவதற்கு முன்பே அது ஆற ஆரம்பித்துவிட்டது.

அவன் மனைவி சபிதாவின் கண்ணீரும் கன்னத்துக்கு வரவில்லை, இமையிலேயே மறைந்தது. துக்கம் கேட்க வந்த யேசுரத்தினத்தை அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மாமா, நீங்க சவுதியில வேர்த்தப்போ சட்டை எங்க நனைஞ்சுது? அங்கதானே? எனக்க மாப்பிள்ளைக்க சட்டை கொடியில கிடக்கு, மோந்து பாருங்க." அவர் எடுத்து மோந்து பார்த்தார். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. புருஷன் வாசனை என்று வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு துணி இல்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டு அவர் தலைகுனிந்து போனார்.

சபிதா சபையிடம் ஒன்றுதான் கேட்டாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காக ஞாயிறுதோறும் செய்யும் ஜெபத்தில் ஷாஜன் பெயரையும் சேர்க்க வேண்டும். யேசுரத்தினமே எழுதிக் கொடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் தானே அடக்கம் செய்தவனின் பெயரைப் பார்த்து, ஆராதனை நடத்தும் போதகர் ஐயர் முதல் வாரம் கொஞ்சம் தயங்கினார். இப்போது துபாய் ஜினோ, தோஹா ரெஜிஷா என்று வாசித்துவிட்டு, தீவின் பெயரைச் சொல்லி ஷாஜன் என்கிறார். நாங்கள் ஆமென் சொல்கிறோம்.

ஆலை ஓடுகிறது. நாடுகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. சிஜின் ஒவ்வொரு முறை கப்பலேறும்போதும் சபிதா ஒரு துவர்த்து கொடுத்துவிடுவாள். அவன் அதை அந்த மழையில் நனைத்து, பிழியாமல் பையில் கட்டிக் கொண்டுவருவான். அவள் அதைத் தலையணை மேல் விரித்துப் படுப்பாள். அதில் ஷாஜனுடையது எது, மற்றவர்களுடையது எது, தன்னுடையது எது என்று அவள் பிரித்துப் பார்ப்பதில்லை.