பிரெட்ரிக்கின் மழை

...மழையாம், பிரெட்ரிக் எழுதும் உண்மைக் கதைகளில் யாராவது செத்தால் மழை, கல்யாணம் நின்றால் மழை, தோட்டம் கைமாறினால் மழை, ஜொகூர் வானம் இந்த ஆளிடம் சம்பளம் வாங்குகிறதோ என்னவோ, கிளாரிசா ஹெட்போனைக் காதில் இறுக்கிக்கொண்டாள். போன வருடம் அச்சில் வந்த அவன் புத்தகம் இப்போது பாட்காஸ்ட் ஆகிறது, வெட்டி ஒட்டும் வேலை அவளுடையது, சாயங்காலம் வெளியீடு, 'அத்தனையும் உண்மை' என்ற வரிக்குக் கீழே அவள் பெயரும் வரும். ஜொகூரின் உலு திராம் ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் காதர் பீவியின் மகன் ரபீக், காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போனவன், வழியில் லாரி மோதி, அங்கேயே... புத்தகத்துக்காக அந்த அம்மா பேசிய முதல் பதிவு இன்னும் அவளிடம் இருக்கிறது, "வெயிலு, கண்ணு கூசுச்சு புள்ள, போயிட்டான், அவ்ளோதான்." இந்த மேதை என்ன செய்தான்? அச்சில் மழையை இறக்கிவிட்டான். கேட்டதற்கு, "வெயில்ல அழுகை வராது லா, கிளாரி." அலமாக், என்ன கண்டுபிடிப்பு! இப்போது மழைச் சத்தமும் சேர்க்க வேண்டுமாம். மழை என்ன ஒரே சத்தமா? தகரத்தில் விழுந்தால் கொட்டடிப்பது போல, வாழையிலையில் விரலால் தட்டுவது போல, சூடான தாரில் விழுந்தால் ஏதோ பொரிவது போல, எந்த மழை வேண்டும் என்றாள், "சோகமான மழை" என்றான், முட்டாள்.

மழையைத் தூக்கிவிடுவது என்று முடிவு செய்து, பாட்காஸ்டுக்காகப் போன வாரம் பதிந்த காதர் பீவியின் குரலை ஓடவிட்டாள், "அன்னிக்கு மழை கொட்டுது..." நிறுத்தினாள். இவருமா? உடனே போன் செய்தாள். "ஆன்டி, அன்னிக்கு வெயில்னு சொன்னீங்களே?" "நானா? மழைதான் புள்ள. புஸ்தகத்துலயே போட்டிருக்குல்ல?" பார், சாட்சிக்கு யாரைக் கூப்பிடுகிறார், ஒருவனுடைய சோம்பேறித்தனம் ஒரு தாயின் ஞாபகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, இதைவிடக் கேவலம் உண்டா? சரி, வெட்டு. பேச்சை மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டினால் தையல் தெரியாது, அந்த மூச்சைத் தேடிக் கேட்டுக்கொண்டே போனாள், "மழை கொட்டுது குடைய நீட்டுறேன் போம்மா நான் என்ன சீனியா கரையறதுக்குன்னு சிரிக்கிறான்..." நடுவில் மூச்சே இல்லை. குடையும் சீனியும் புத்தகத்தில் கிடையாது, தலைகீழாக நின்றாலும் பிரெட்ரிக்குக்கு இந்த வரி வராது, பிறகு எங்கிருந்து? வேறு ஏதோ மழைநாளில் சொன்னதா, இல்லை, அன்றைக்கேவா? இரண்டு பதிவிலும் ரபீக் வாய் திறப்பது இந்த ஓர் இடத்தில்தான், காதர் பீவியின் குரலே அங்கே இளவட்டக் குரலாகத் துள்ளுகிறது... மறுபடி ஓடவிட்டாள், மறுபடி, அந்த மட்டமான மழையை அவன் எழுதாமல் இருந்திருந்தால் இந்தச் சிரிப்பு வெளியே வந்திருக்குமா, அவ்ளோதான் என்பதோடு அந்த அம்மா நிறுத்திக்கொண்டிருப்பாரோ...