மூன்று மடிப்பு, ஏழு பொம்மை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அண்ணி சொன்னது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அண்ணி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை காலையில் மட்டும் நூலகத்து மாடி அறையில் எட்டுக் குழந்தைகளுக்குக் காகிதத்தை வைத்துக் கணக்குச் சொல்லித்தருவார். மடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது, கடைசியில் தரையைக் கூட்டுவது.

"எழுதறதா இருந்தா எழுதிக்கோ தம்பி. ஆனா பேய்க்கதை ஆக்கிடாதே" என்றார்.

நான் எழுதிய முதல் வரி: அன்று வானம் இருண்டு, ஜன்னல் கதவுகள் படபடவென்று

அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். அறையில் பசை வாசனை. யாரோ ஒரு பிள்ளை விக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

2

அன்றைய பாடம் கைகோத்த பொம்மைகள். அறுபத்து நான்கு சென்டிமீட்டர் நீளக் காகிதப் பட்டை, பிள்ளைக்கு ஒன்று.

"ஒரு தடவை மடிச்சா ரெண்டு. இன்னொரு தடவை மடிச்சா நாலு. மூணாவது தடவை?"

"எட்டு!"

மடித்த காகிதத்தின் மேல் ஒரு சிறுமியை வரைந்து, கைகள் இரண்டு ஓரத்தையும் தொடும்படி விட்டுவிட்டு, மற்றதை வெட்டிவிட வேண்டும். சடையை ஒரு பக்கமாக மட்டும் போடச் சொன்னார் அண்ணி. அதில்தான் கணக்கு இருக்கிறது. மடிப்பு என்பது கண்ணாடி மாதிரி. விரித்தால் முதல் பொம்மைக்குச் சடை இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம், அதற்கடுத்ததற்கு மறுபடி இடப்பக்கம் என்று மாறி மாறி வரும்.

எல்லோருக்கும் வந்தது. வகுப்பில் எட்டுப் பேர், பொம்மையும் எட்டு. உட்கார்ந்திருந்த வரிசைப்படி ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர் எழுதிக்கொண்டார்கள்.

ஓரத்தில் இருந்த பெண் மட்டும் கையைத் தூக்கினாள். வாய்க்குள்ளேயே பேசுவதால் அவளை எல்லோரும் மெல்லிசு என்பார்கள்.

"டீச்சர், எனக்கு ஒண்ணு குறையுது."

எண்ணிப் பார்த்தார் அண்ணி. ஏழு. வெட்டும்போது ஒன்று தனியாக வந்திருக்கும் என்று துண்டுகளைக் கிளறினார். இல்லை. ஏழும் கைவிடாமல் ஒரே சங்கிலியாக இருந்தன. அளவுகோலை வைத்தார். ஐம்பத்தாறு சென்டிமீட்டர்.

(மூன்று முறை பாதியாக மடித்தால் ஏழு வராது. நானே ஒரு மத்தியானம் முழுக்க மடித்துப் பார்த்தேன். என் மனைவி, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள்.)

அப்புறம்தான் அண்ணி சடைகளைப் பார்த்தார். இடம், வலம், இடம். அடுத்ததும் இடம்! மூன்றாவதும் நான்காவதும் ஒரே பக்கம் சடை போட்டிருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவில் விரலால் தடவினார். மடிப்புத் தடமே இல்லை. வெட்டின அடையாளமும் இல்லை, ஒட்டின அடையாளமும் இல்லை. நடுவில் இருந்த ஒன்று உருவப்பட்டு, காகிதம் சேர்ந்துகொண்டது போல வழவழவென்று இருந்தது.

வரிசையில் நான்காவதாக உட்கார்ந்திருந்த ஒற்றைச் சடைப் பெண் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டுக் குடைவதால் அவளுக்கு ஏன்குட்டி என்று பெயர்.

"ஏன் டீச்சர் இதுல நான் இல்ல?"

3

அடுத்த சனிக்கிழமை ஏன்குட்டி வரவில்லை.

காய்ச்சலாக இருக்கும் என்று அண்ணி வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது அம்மா.

"பாப்பா ஏன் வரல?"

"எந்தப் பாப்பா? யாருங்க நீங்க?"

அண்ணி தன் பெயரைச் சொன்னார், வகுப்பைச் சொன்னார்.

"எங்களுக்குக் குழந்தை இல்லீங்க. தயவுசெஞ்சு இந்த மாதிரி விளையாடாதீங்க."

போன் வைக்கப்பட்டது. அந்தக் குரலை அண்ணிக்கு நன்றாகத் தெரியும். 'பசைக் கையோட கண்ணைக் கசக்காம பாத்துக்கோங்க டீச்சர்' என்று இரண்டு வாரம் முன்னால் படியில் நின்று சொன்ன அதே குரல்.

வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஏழு பெயர்கள், அவருடைய கையெழுத்தில், ஒன்று முதல் ஏழு வரை பிசகாமல். நாற்காலி ஏழு. போன வாரம் செய்த பொம்மைகள் சுவரில் தொங்கின. மெல்லிசுடையதைத் தவிர எல்லாவற்றிலும் பெயர்கள் ஓரிடம் முன்னால் நகர்ந்து, எட்டாவது பொம்மை மட்டும் பெயரில்லாமல் இருந்தது.

"இங்க இன்னொரு பாப்பா இருந்தாளே?"

"நாங்க எப்பவும் ஏழு பேர்தானே டீச்சர்" என்றன பிள்ளைகள், அண்ணிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பது போல.

மெல்லிசு மட்டும் மேஜைக்கு அடியில் கையை மறைத்துக்கொண்டிருந்தாள்.

4

இங்கே ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். என் முதல் பிரதியில் மெல்லிசு கண் சிமிட்டாமல் பார்ப்பாள், கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் சிரிப்பாள். அண்ணி படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இவ யாரு? அது மூக்கு ஒழுகற சாதாரணப் பிள்ளை தம்பி. கைக்குட்டைய மறந்துட்டு வரும். பயந்துபோயிருந்த குழந்தைய நீ பூச்சாண்டி ஆக்கி வச்சிருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். பயம் அவளிடமிருந்து வரவில்லை. அவளும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.

5

மற்ற பிள்ளைகளை வண்ணம் தீட்ட விட்டுவிட்டு, அண்ணி அவளை ஜன்னலோரம் கூட்டிப்போனார். கோபத்தோடுதான் போனார்.

"என்ன பண்ணின அவள?"

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர். வெட்டினேன், விரிச்சேன்." குரல் உடைந்தது. அப்புறம் சட்டென்று நிமிர்ந்தாள். "உங்களுக்கு அவள ஞாபகம் இருக்கா?"

"ஏன் இருக்காது?"

அவ்வளவுதான், பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீட்டில் அவர்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, இவள், தங்கை. பொழுது போகாமல் ஒருநாள் காகிதத்தை இரண்டு தடவை மடித்து, குடும்பத்தை வெட்டினாள். நான்கு வரவேண்டிய இடத்தில் மூன்று வந்தது. மறுநாள் காலையில் பக்கத்துப் படுக்கை இல்லை.

"அம்மாகிட்ட கேட்டா, உனக்குத் தங்கச்சியே கிடையாதேங்கறாங்க. அப்பா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அதான் இங்க வந்து மறுபடி வெட்டினேன். நீங்க கணக்கு டீச்சராச்சே... தப்பு எங்கன்னு கண்டுபிடிப்பீங்கன்னு."

அண்ணிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளின் தப்புக் கணக்கைத் திருத்தி வந்தவர். இந்தக் கணக்கில் பிள்ளையிடம் தப்பில்லை. விடைதான் தப்பாக இருந்தது.

6

அண்ணி செய்ததைச் செய்தபடியே எழுதுகிறேன்.

புதிதாக ஒரு பட்டை எடுத்தார். அறுபத்து நான்கு சென்டிமீட்டர் என்று இரண்டு முறை அளந்தார். மெல்லிசு மடித்தாள்; அண்ணி நகத்தால் அழுத்திவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே கத்தரிக்கோலில் இரண்டு பேரின் விரல்களும் இருந்தன.

"யாரையும் விட்டுடாம நினைச்சுக்கோ" என்றார் அண்ணி.

வெட்டினார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விரித்தார்கள்.

எட்டு. சடைகள் இடம், வலம், இடம், வலம் என்று கடைசிவரை ஒழுங்காக மாறி வந்தன. மெல்லிசு மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. வெட்டும்போது அவர் நினைத்தது ஏன்குட்டியை. மெல்லிசு யாரை நினைத்திருப்பாள்? கேட்கவே வேண்டாம். காணாமல் போனவர்கள் இரண்டு பேர். ஏழு பிள்ளைகள் போக, காகிதத்தில் மிஞ்சியது ஒரே ஒரு இடம்.

மாடிப்படியில் காலடி கேட்டது. சின்னக் காலடி, ஒவ்வொரு படியாக. கதவின் மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி உருவம் வந்து நின்றது. ஒற்றைச் சடை. கைப்பிடி எட்டாமல் கதவைத் தட்டியது.

"எங்க தங்கச்சிக்கும் ஒத்தச் சடைதான் டீச்சர்" என்றாள் மெல்லிசு, மூச்சே விடாமல்.

அண்ணி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். யார் நின்றது என்றும் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கதவு திறந்தது, வாசலில் நின்றது

முடியவில்லை. ஒருத்தியின் பெயரை எழுதினால், இன்னொருத்தியை இரண்டாம் முறை இல்லாமல் ஆக்குவது நானாகத்தான் இருப்பேன். முதல் முறை செய்தது யாரென்று தெரியாது. இரண்டாம் முறைக்கு என் கையெழுத்து சாட்சி.

படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இப்போது இருவரையும் தெரியும். எட்டிப் பார்த்து ஏன் என்று கேட்டவளையும் தெரியும், பக்கத்துப் படுக்கையில் தூங்கியவளையும் தெரியும். அண்ணியையும் அந்தப் பிள்ளையையும் தவிர, இரண்டு பேரையும் நினைப்பில் வைத்திருப்பது நீங்களும் நானும்தான்.

இந்தப் பக்கத்தில் உருவம் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உள்ளே வா என்று மட்டும் சொல்லுங்கள். ஒருத்தி வந்த பிறகும் கதவைச் சாத்தாதீர்கள்.