ஏழு எலுமிச்சம்பழமும் கிளாங் ஆறும்

யுகேந்திரனின் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி வாங்க வருவதில்லை. அவன் சாமியார்களைக் கிழிகிழியென்று கிழிப்பதைக் கேட்கத்தான் வருகிறார்கள். அப்பேர்ப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கையில் சிவப்புத் துணி மூட்டையோடு, உதட்டை இறுக்கிக்கொண்டு கிளாங் ஆற்றோர நடைபாதையில் போய்க்கொண்டிருந்தான்.

மூட்டைக்குள் ஏழு எலுமிச்சம்பழமும் ஒரு பிடி உப்பும் இருந்தன. ஜெஞ்சாரோம் ஊர்ச் சாமியார் அவன் மனைவி ஷாமினியின் தலையைச் சுற்றிக் கொடுத்தது. அதைப் புருஷன்காரன் ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் பலிக்காதாம். சாமியார் யாரிடமோ தன்னைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் இதைச் சொல்லியிருக்கிறார் என்று யுகேந்திரன் நினைத்தான்.

ஷாமினியின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை முடிவு. நான்கு நாளாக அவள் தூங்கவில்லை. எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்குத்தான் லாயக்கு என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையை வாங்கிக்கொண்டான். வழியில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஒரு தே தாரேக் டீ குடித்துத் திரும்பலாம் என்பது திட்டம்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், ஊரின் முதுகை இன்றைக்குத்தான் பார்த்தான். பாலத்தடியில் யாரோ வரைந்த பெரிய புலி. வெயில் காயும் உடும்பு. கோடிக்கணக்கில் கொட்டி ஆற்றை அழகுபடுத்தியவர்கள் ஒன்றை மறந்திருந்தார்கள். ஆற்றோடு படம் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் சைக்கிள் ஓட்டலாம். தண்ணீரைத் தொட மட்டும் வழியில்லை. இடுப்பளவு கம்பி, அதற்குக் கீழே சிமெண்டுச் சரிவு, அதற்கும் கீழே தண்ணீர்.

முதல் குப்பைத் தொட்டியைக் கடந்தான். இரண்டாவதையும் மூன்றாவதையும் கடந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது.

மஸ்ஜிட் ஜாமேக் பள்ளிவாசலருகே இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆள் இல்லாத நேரம் பார்த்து வீசினான். மூட்டை சரிவின் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டது. யாருக்குத் தெரியப்போகிறது? சாமியாரா வந்து பார்க்கப்போகிறார்? யுகேந்திரன் கம்பியைத் தாண்டினான். பிட்டத்தாலேயே சறுக்கி இறங்கி, மூட்டையைக் காலால் தள்ளினான். அது தண்ணீரில் விழுந்து போனது.

மேலே விசில் சத்தம் கேட்டது. சீருடையில் ஒரு காவலாளி, பெயர்ப்பட்டையில் கன்னையா. பக்கத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த ஓர் ஆன்டி.

"பாஸ், அங்கயே நில்லுங்க. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம் லா," என்றார் கன்னையா.

பேசுவதுதானே முடியாது. யுகேந்திரன் தலையை ஆட்டினான்.

"பேச மாட்டேங்கறான். முடிவோடதான் வந்திருக்கான்," என்றார் ஆன்டி. "ஏன் தம்பி, பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாளா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அவனையும் மீறிக் கண்ணீர் வந்துவிட்டது. ஆன்டிக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஒருவழியாக மேலே இழுத்துப் போட்டார்கள். அவன் தன் கைப்பேசியில் ஷாமினியின் எண்ணைத் தட்டிக் கன்னையாவிடம் நீட்டினான்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரர் ஆத்துல குதிக்கப் பாத்தாரு. புடிச்சி வச்சிருக்கோம்."

"மூட்ட தண்ணில போச்சா?" என்றாள் ஷாமினி.

கன்னையா கைப்பேசியை ஒருமுறை விலக்கிப் பார்த்துக்கொண்டார். "சிவப்பா ஒன்னு போச்சிக்கா."

"அவரு பேசுனாரா?"

"ஒரு வார்த்த பேசல. நாங்களும் கேட்டுக் கேட்டு ஓஞ்சிட்டோம்."

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தாலி கட்டும்போதுகூட ஐயரோடு தர்க்கம் செய்தவன் அவன். அந்தப் பக்கம் ஷாமினி சிரிப்பது கேட்டது. அழுகையும் அதிலேயே இருந்தது.

"போதும்னு சொல்லுங்கண்ணே. பேசச் சொல்லுங்க. எனக்கு இதுவே போதும்."

கன்னையா கைப்பேசியை யுகேந்திரனின் வாயருகே பிடித்தார். அவன் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கும் பக்கம் கையைக் காட்டினான்.

"மாட்டாராம் அக்கா," என்றார் கன்னையா. "வீட்டுக்கு வந்துதான் பேசுவாராம்."