அன்னாசி ஜாம், இருபத்து மூன்று டம்ளர்

மகள் பன்னிரண்டாவது பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தபோது, பக்கத்து அறையில் அப்பாவுக்குப் போட ஒரு சட்டை தேடிக்கொண்டிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான், கறை இருக்கக் கூடாது. பீரோவில் பதினாறு சட்டைகள் இருந்தன. பதினாறிலும் ஏதாவது ஒரு பழம் இருந்தது. சித்தப்பா ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரைப் போல உதட்டைப் பிதுக்கி, நாற்காலியில் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா காலை ஆறரை மணிக்கு இறந்திருந்தார், ஜாம் கிண்டிக்கொண்டிருக்கும்போது. மறுநாள் சந்தை. விடியும்போதே அடுப்பில் பெரிய பானையை ஏற்றிவிட்டார். அன்னாசியும் சர்க்கரையும் கொதித்து நுரை கட்டியதும், ஃப்ரீசரில் குளிரவைத்த தட்டை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டார். விரலால் தள்ளும்போது சொட்டின் மேல்தோல் சுருங்கினால் பதம் வந்துவிட்டது. ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும். ஒரு பானை ஜாமுக்கும் ஒரு சொட்டுதான் பதம். தட்டோடு முக்காலியில் உட்கார்ந்தவர் சுவரில் சாய்ந்துவிட்டார். மகள் வந்து பார்த்தபோது தட்டு மடியில் நேராக இருந்தது. சொட்டு மட்டும் ஓடியிருந்தது.

அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பதினோரு வருடங்களாக அந்த வீட்டில் எல்லாச் சொட்டும் ஓடித்தான் இருக்கின்றன.

தபால் நிலையத்தில் ஓய்வு பெற்ற மறுவாரம் அப்பா ஜாமில் இறங்கினார். எந்தப் பருவத்தில் எந்தப் பழம் வருகிறதோ அந்தப் பழத்தில் போடுவார். எந்தப் பழத்தில் போட்டாலும் அது நிற்காது. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்பார்கள். அப்பாவுக்குப் பழத்தில் தண்ணீர் அதிகம், பானையில் அடி மெல்லிசு, காற்றில் ஈரம். சந்தையில் அவருக்கு ‘ஊத்து ஜாம்’ என்று பெயர். அவர் அதைக் கொள்கையாகவே மாற்றிக்கொண்டார். ஜாம் என்றால் ஓட வேண்டும், நிற்பதற்குப் பெயர் மெழுகு என்று வாங்க வருகிறவர்களுக்கு விளக்குவார். அவர்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். பக்கத்துக் கடையில் கட்டி ஜாம்காரம்மா திறந்த பாட்டிலைத் தன் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டுவாள். ஒரு துளி விழாது. இருந்தும் ஒவ்வொரு வாரமும் பானையை ஏற்றும்போது அப்பா மகளிடம், “இன்னிக்கு நிக்கும் பாரு” என்பார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, அடுப்பை அணைத்தாயா என்பது. அணைத்ததாகச் சொன்னாள்.

“அதைக் கொட்டிடாத. பாட்டில்ல போட்டு வை. விக்கறதுக்கு இல்ல, நமக்கு.”

“உனக்குத்தான் சர்க்கரையாச்சேம்மா. எப்படிச் சாப்பிடுவ?”

“யாருடி சாப்பிடப் போறா? அலமாரியில வெச்சுப் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

மகள் மருந்துக் கடையில் வேலை செய்பவள். அம்மாவின் மாத்திரைகளை அவள்தான் எண்ணித் தருவாள். ஒன்பது வருடங்களாக அம்மா அந்த ஜாமை மோந்து பார்த்ததோடு சரி. பார்த்துக்கொண்டு இருப்பதற்கு மருத்துவத்தில் தடையேதும் இல்லை. பானையை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டு பாட்டில்களை எடுத்துக் கழுவ உட்கார்ந்தாள். சாயங்காலம் எல்லாம் முடிந்து திரும்பியதும், மிச்சக் கொதியைத் தானே கொதிக்கவைத்து ஊற்றிவிடலாம். அன்று முழுவதிலும் அவளுக்குச் செய்யத் தெரிந்த ஒரே காரியமாக அதுதான் இருந்தது.

அப்போது பதினேழாவது சட்டை கிடைத்தது. எப்போதோ யாரோ பரிசாகக் கொடுத்தது, குண்டூசிகூட எடுக்கப்படாமல் கட்டிலுக்கடியில் பெட்டியில் இருந்தது. அதில் ஒன்பது குண்டூசிகள். எல்லாவற்றையும் எடுத்து, மடிப்பு போகத் தேய்த்து, அப்பாவுக்குப் போட்டுவிட்டு நிமிர மகளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

சட்டை கிடைத்துவிட்டதால் சித்தப்பாவுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அப்பாவின் தம்பியான அவர் ஒரு கல்லூரி கேன்டீனில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவரால் எதையாவது ஊற்றிக் கொடுக்காமல் இருக்க முடியாது. வாசலில் வாடகை நாற்காலிகளில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். வெயில் வேறு.

மகள் வாசலுக்கு வந்தபோது எல்லோர் கையிலும் டம்ளர் இருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பழைய போஸ்ட் மாஸ்டர் துக்க முகத்தைக் கலைக்காமல் நாக்கால் மேல் உதட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கிடந்த துண்டுக்காக அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அமரர் ஊர்தி டிரைவர், ஐஸ் போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் இரண்டாவது டம்ளர் கேட்கலாமா கூடாதா என்ற தயக்கம் பல முகங்களில் தெரிந்தது. சிலர் அதைக் கடந்திருந்தார்கள்.

கட்டி ஜாம்காரம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் முழுதாகக் குடிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு, இங்க வா. இது உங்கப்பா போட்டதா?”

மகள் வாங்கி மோந்து பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

“ஜாமு?”

அதற்கும் ஆட்டினாள்.

“பதினோரு வருஷமா தலையால அடிச்சுக்கறேன், இன்னும் கால் மணி நேரம் அடுப்புல விடுய்யான்னு. கேட்டாத்தானே அந்த மனுஷன். நாளைக்கு வரட்டும், நாலு பேர் முன்னாடி வெச்சே...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். டம்ளரைத் திரும்ப வாங்கி, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

மகள் அடுக்களைக்கு ஓடினாள். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டம்ளருக்கு இரண்டு கரண்டி, மேலே தண்ணீர் என்று கணக்காக ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வாம்மா. இருபத்து மூணு டம்ளர் போயிருக்கு. இது ரெண்டாவது ரவுண்டு. யாரு ஜூஸ் போட்டது? கொஞ்சம் திக்கா இருந்துச்சு, நான்தான் தண்ணி விட்டுச் சரி பண்ணேன்.”

“சித்தப்பா, அது ஜாம்.”

சித்தப்பா பானைக்குள் எட்டிப் பார்த்தார். கரண்டியில் அள்ளி, உயரத்திலிருந்து ஊற்றிப் பார்த்தார். அது எந்தத் தடையும் இல்லாமல் ஒழுகியது.

“ஜாம் இப்படியாம்மா இருக்கும்?”

நியாயமான கேள்விதான். பதினோரு வருடங்களாக அந்தக் குடும்பம் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தது.

பாட்டிலில் போட்டு வைக்கச் சொல்லி அம்மா கேட்டதை மகள் சொன்னாள். சித்தப்பா கரண்டியைப் பானைக்குள் வைத்தார். பிறகு எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். கரண்டி அவருடைய வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் போன வாரம்கூட ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார் என்றும், தான் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்றும், இத்தனை வருடத்தில் ஒருதரம்கூட ருசி பார்த்திருந்தால் இன்றைக்கு அடையாளம் தெரிந்திருக்கும் என்றும் பானையைப் பார்த்தே சொன்னார்.

“அண்ணிகிட்ட நீயே சொல்லிடும்மா. என்னால ஆகாது.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கவிழ்த்து வைத்த பாட்டில்களைப் பார்த்தாள். சித்தப்பாவின் வேட்டியைப் பார்த்தாள். கடைசியில் பானைக்குள் பார்த்தாள்.

மகள் அவசரமாக, அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வழித்தால் ஒரு பாட்டிலுக்குத் தேறும், கொதிக்கவைத்துவிடலாம் என்றாள். குரல் நடுங்கியது. காலையிலிருந்து ஒருதரமும் நடுங்காத குரல்.

அம்மா வாசல் பக்கம் காதைத் திருப்பினாள். யாரோ யாரிடமோ, அடுத்த டம்ளர் வருமா என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

“யாரு, போஸ்ட் மாஸ்டரா?”

“ஆமா அண்ணி. அவருக்கு இது மூணாவது.”

“ஓசியில குடுத்தப்பவே வேணாம்னு ஓடினவரு.”

அம்மா ஒரு டம்ளரை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினாள். சித்தப்பா மகளைப் பார்த்தார். மகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு கரண்டியில் எவ்வளவு சர்க்கரை, அதற்கு எத்தனை மாத்திரை, சாயங்காலம் ரத்தத்தில் எவ்வளவு காட்டும். போட்ட கணக்கைச் சொல்லவில்லை.

சித்தப்பா இரண்டு கரண்டி ஊற்றினார். தண்ணீர் விட்டார். அம்மா நின்றபடியே குடித்தாள். நடுவில் நிறுத்தி, வாயில் வந்த துண்டை மென்று விழுங்கினாள். மீண்டும் குடித்தாள். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

“நல்லாத்தானே இருக்கு,” என்றாள். “இதைப் போயி ஏன்டி இத்தனை வருஷமா பிரெட்ல தடவச் சொன்னாரு?”

சித்தப்பா சிரித்துவிட்டார். சிரித்தது அவருக்கே எதிர்பாராதது. கரண்டியோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகு வெகுநேரம் குலுங்கியது. அது இன்னும் சிரிப்புதானா என்று யாரும் கேட்கவில்லை.

மிச்சத்தையும் ஊற்றிக் கொடுத்துவிடச் சொன்னாள் அம்மா. வந்தவர்கள் ஒருவரும் விட்டுப்போகக் கூடாது, டிரைவருக்கும் இன்னொன்று. பானையைச் சித்தப்பா சாய்த்துப் பிடிக்க, மகள் வழித்தாள். கடைசி டம்ளர் பாதிதான் வந்தது. அதைக் கட்டி ஜாம்காரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

நாலு மணிக்கு டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். கிளம்பும் நேரம் வந்துவிட்டது. ஒவ்வொருவராக உள்ளே போய் அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். போஸ்ட் மாஸ்டர் உதட்டை இன்னொரு தரம் துடைத்துவிட்டுத் தொட்டார். அம்மா சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மகள்தான் கடைசி. நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த டம்ளர்களை எல்லாம் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல் நேராக வந்திருந்தாள்.

அவள் அப்பாவின் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நேரமாச்சும்மா,” என்றார் டிரைவர், மெதுவாக.

அவள் கையை எடுத்தாள். விரல்கள் உடனே வரவில்லை. ஒவ்வொன்றாகத்தான் வந்தன.